குளியலறைச் சுவரில் இருப்பது அமேசன் பால்தவளையா? தொட்டால் மரணம் என்பது உண்மையா?

எழுதியவர்: நெடுங்கேணியான்

மாரி மழை தொடங்கி மூன்று கிழமைகள் ஆகின்றன. வழமைபோல எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரிலும் மலசலகூடக் கதவின் பின்புறத்திலும் தவளைகள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிறிய மண்ணிறம், மெலிந்த நீண்ட கால்கள், விரல் நுனிகளில் பொட்டு வைத்தது போன்ற சிறு வட்டங்கள். சிறு வயதிலிருந்து இவற்றைத் தேரை என்றே அழைத்து வந்திருக்கிறோம். இருட்டில் தோளில் பாய்ந்தால் கத்துவோமே தவிர, இவற்றால் உயிருக்கு ஆபத்து வரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

இந்த ஆண்டு நிலைமை மாறிவிட்டது. கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அமைந்த, பொன்னிறக் கண்களையுடைய ஒரு தவளையின் படம் எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. ‘வன்னிக் காட்டு மர உச்சிகளில் வாழும் நச்சுத் தவளை, மழைக்கு வீடுகளுக்குள் இறங்குகிறது, தொட்டால் மரணம்’ என்று ஒரு குரற்பதிவும் கூடவே வருகிறது. அதைக் கேட்டுப் பயந்துபோன அயல்வீட்டு அக்கா, நேற்று மாலை தன் குளியலறையில் இருந்த ஏழு தவளைகளின் மேலும் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டார். அவர் கெட்ட மனம் படைத்தவர் அல்லர். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். ஆனால் அந்தத் தவளைகள் துடித்ததைப் பார்த்த என் மகள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

படத்தில் இருப்பது என்ன தவளை? அது எங்கள் காட்டில் உண்டா? தவளை விழுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? விடயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். அக்காவிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.


எழுதியவர்: பாலைப்பழம்

நீங்கள் விவரிக்கும் படத்தை நானும் பார்த்தேன். அது பால்தவளை என்று அழைக்கப்படும் தென் அமெரிக்கத் தவளை. பிரேசில், பெரு, கொலம்பியா, கயானா போன்ற நாடுகளில் விரிந்து கிடக்கும் அமேசன் மழைக்காட்டில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதன் விலங்கியற் பெயர் டிராக்கிசெபாலஸ் ரெசினிபிக்ட்ரிக்ஸ். 1907ஆம் ஆண்டு அதை விவரித்து அந்தப் பெயரை இட்டவர், பிரேசிலின் பெலெம் நகரில் பணியாற்றிய சுவிஸ் நாட்டு இயற்கையியலாளர் எமிலியோ கோல்டி. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தத் தவளை மரங்களிலிருந்து பிசினைச் சேகரித்து வந்து, தான் முட்டையிடும் மரப்பொந்தின் உட்புறத்தில் பூசி, தண்ணீர் கசியாத பாத்திரமாக்கிக்கொள்கிறது என்று அங்குள்ள மக்கள் சொன்னதைக் கோல்டி நம்பினார். ஆகவே ‘பிசினை வனைபவள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். தவளை அப்படி எதையும் வனைவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. குரற்பதிவுகள் இல்லாத காலத்திலும் செவிவழிச் செய்தி நன்றாகத்தான் பயணம் செய்திருக்கிறது.

அது தரைக்கு வருவது மிக அரிது. பனை உயரத்துக்கு மேலே, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரைபோல் நிற்கும் விதானத்தில் அதன் வாழ்க்கை முழுவதும் கழிகிறது. மழைநீர் தேங்கிய மரப்பொந்து ஒன்றைப் பிடித்துக்கொண்ட ஆண், இரவில் அந்தத் தண்ணீரில் இருந்தபடியே உரத்துக் கத்தும். தவளை தன் வாயால் கெடும் என்று நாங்கள் சொல்வோம். இந்தத் தவளைக்கோ வாயால்தான் வாழ்வு. ஏனெனில் இருண்ட காட்டின் உச்சியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொந்தை நோக்கிப் பெண்ணை வரவழைக்க வேறு வழியில்லை. பெண் வந்து அந்தப் பொந்துத் தண்ணீரிலேயே முட்டையிடுகிறது. வாற்பேய்களும் அங்கேயே வளர்கின்றன. பொந்துக்குள் உணவு குறைவு என்பதால், அதே பொந்தில் பிறகு இடப்படும் முட்டைகளையும் அந்த வாற்பேய்கள் தின்கின்றன.

இனி நஞ்சுக்கு வருகிறேன். பால்தவளை என்ற பெயர் நிறத்தால் வந்தது அன்று. அதைப் பிடித்து அழுத்தினாலோ மிரட்டினாலோ, தோலில் உள்ள சுரப்பிகளிலிருந்து வெள்ளையான, பசைத்தன்மையுள்ள ஒரு திரவம் வெளிவருகிறது. தமிழில் இதைப் புரியவைக்க உரை எதுவும் தேவையில்லை. எருக்கலம்பால், கள்ளிப்பால், பாலை மரத்துப் பால் என்று எங்களிடம் ஏற்கெனவே உள்ள ‘பால்’ அதுவேதான்: காயம் படும்போது கசிந்து, கையில் ஒட்டிப் பிசுபிசுப்பது. எருக்கலம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று வன்னியில் ஆடு வளர்த்தவர்களிடம் கேளுங்கள். தவளைப் பாலும் கண்ணுக்கும் வாய்க்கும் புண்ணுக்கும் ஆகாதது. கடிக்க வரும் விலங்கை வாயைத் திறந்து துப்பவைப்பது. தொட்ட மனிதரைச் சாகடிப்பது அன்று.


எழுதியவர்: முறிப்புக்கட்டு

விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் எனக்கு ஒரு சந்தேகம். முப்பது ஆண்டுகளாக மனிதர் கால் வைக்காமலே கிடந்த காடுகள் எங்கள் பக்கம் உண்டு. அங்கே என்ன இருக்கிறது என்று முழுமையாகப் பார்த்தவர் யார்? இல்லவே இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?


எழுதியவர்: பாலைப்பழம்

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது கடல். பல்லிகளும் ஓணான்களும் மிதக்கும் மரக்கட்டைகளில் தொற்றிக்கொண்டு தீவுகளை அடைந்ததுண்டு. தவளைக்கு அது மிகக் கடினம். அதன் தோல் நீரை உறிஞ்சும் தோல். உப்புநீர் அதன் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அமேசனுக்கும் எங்களுக்கும் இடையில் இரண்டு பெருங்கடல்கள் கிடக்கின்றன.

இரண்டாவது காரணம் எங்கள் காடு. வன்னிக்காடு மழைக்காடு அன்று. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கும் உலர்வலயக் காடு இது. ஆண்டுக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அமேசனில் 2000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை, மாதங்கள்தோறும் பரவிப் பெய்கிறது. என் தந்தையார் தேனெடுக்கக் காட்டுக்குப் போகும் நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் பாலை மரப் பொந்துக்குள் கையை விட்டால் தூசும் சருகும்தான் விரலில் வரும். இல்லாவிட்டால் தேனீ கொட்டும். வாழ்நாள் முழுவதும் பொந்துத் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு தவளை அங்கே ஒரு கோடையைத் தாண்டாது. சிங்கராஜ வனத்தில் என்று அந்தக் குரற்பதிவு சொல்லியிருந்தாலாவது மழைக்காட்டுப் பொருத்தமேனும் இருந்திருக்கும்.

உங்கள் பொந்துகளில் தவளை இருந்தால் அது பெரும்பாலும் வண்ணத் தவளையாகத்தான் இருக்கும். உருண்டையான உடலும், கரிய முதுகில் செங்கல் நிறத் திட்டுகளும் கொண்டது. அதுவும் பிடித்தால் பசைபோல் ஒன்றைச் சுரக்கும். கையைக் கழுவினால் போதும்.


எழுதியவர்: கடல்கடந்த கிளிநொச்சி

நான் பிறந்தது கிளிநொச்சி. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்தத் தவளைகள் இரண்டை என் மகன் நான்கு ஆண்டுகளாகக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான் என்பதால், நேரில் பார்த்ததை எழுதுகிறேன். இங்கே செல்லப்பிராணிக் கடைகளில் இவை சாதாரணமாக விற்கப்படுகின்றன. பெரும்பாலானவை தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவை.

பகலில் இரண்டும் தக்கை மரப்பட்டைக் குழாய்க்குள் உடலை மடித்துக்கொண்டு கிடக்கும். இளமையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வெட்டித் தெரிந்தன. வளர வளர வெண்மை மங்கிச் சாம்பல்நீலமாகிவிட்டது, தோலிலும் பருக்கள் எழுந்துவிட்டன. கண்தான் அதிசயம். பொன் தகட்டில் கரிய சிலுவை கீறியது போல் இருக்கும். வாயின் உட்புறமும் விரல் நுனிகளும் பச்சை கலந்த நீல நிறம்.

நான்கு ஆண்டுகளில் ‘பால்’ வந்ததை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தொட்டியைக் கழுவுவதற்காக ஒன்றை அவசரமாகப் பிடித்தபோது, அது என் உள்ளங்கையில் முதுகை வளைத்துத் தலையைக் குனிந்தது. கழுத்தின் பின்புறத்திலும் முதுகிலும் ஊசிமுனையளவு வெண்புள்ளிகள் எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கஞ்சி ஆடைபோல் படிந்தன. கையுறையை உருவி எறிந்துவிட்டேன். ஆனால் உருவும்போது மணிக்கட்டில் சிறிது பட்டுவிட்டது. அரை மணி நேரம் மெல்லிய எரிவு. சவர்க்காரம் போட்டும் பிசுபிசுப்பு உடனே போகவில்லை. அன்று மாலை வேலைக்குப் போய் இரவு முழுவதும் பாரம் தூக்கினேன். தொட்டால் மரணம் என்றால் இந்தப் பதிவை ஆவிதான் எழுதுகிறது.


எழுதியவர்: விளாங்காய்

ஆவி ஐயாவுக்கு வணக்கம். ஆனால் ஒரு தவளையின் நஞ்சு பத்துப் பேரைக் கொல்லும் என்று நான் தொலைக்காட்சியில் பார்த்தது பொய்யா? அதன் முதுகில் அம்பைத் தேய்த்து வேட்டையாடுவார்கள் என்றும் காட்டினார்களே? நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது. வன்னியில் ஆபத்தைக் குறைத்துச் சொன்னவர்களை நம்பிக் கெட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு.


எழுதியவர்: பாலைப்பழம்

நீங்கள் பார்த்தது பொய் அன்று. ஆனால் அது வேறு தவளை. குரற்பதிவைத் தயாரித்தவரும் இந்த இரண்டையும்தான் ஒன்றாகக் குழைத்திருக்கிறார்.

அது கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் வாழும் பொன்னிற நச்சுத் தவளை. பெருவிரல் நீளந்தான் இருக்கும். மர உச்சியில் அன்று, தரையில் பகலில் நடமாடுவது. 1978இல்தான் அறிவியலாளர்கள் அதை ஒரு தனியினமாக விவரித்தார்கள். எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளின் நுனியை அதன் முதுகில் தேய்த்துக்கொள்வது உண்மை. ஒரு தவளையில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் பத்ராக்கோடாக்சின் இருக்கலாம். நரம்பிலும் தசையிலும் சோடியம் அயன்கள் நுழையும் வாயில்கள் திறந்து உடனே மூட வேண்டியவை. இந்த நஞ்சு அவற்றை மூடவிடாமல் திறந்தபடியே வைத்துவிடுகிறது. நரம்பு செய்தி கடத்தும் ஆற்றலை இழக்க, இதயம் தாளம் தப்பி நின்றுவிடுகிறது.

ஆனால் அந்த நஞ்சைத் தவளை தானாக உற்பத்தி செய்வதில்லை என்பதைத் தொலைக்காட்சியில் சொன்னார்களா? தொட்டியில் பிறந்து பழ ஈக்களைத் தின்று வளரும் அதே இனத் தவளைக்கு அந்த நஞ்சு இருப்பதில்லை. காட்டில் தின்னும் சிறு பூச்சிகளிலிருந்துதான் அது வந்து தோலில் சேர்கிறது. இதற்கு வலுவான சான்று உலகின் மறுகோடியிலிருந்து கிடைத்தது. நியூகினித் தீவின் பிட்டோகுயி என்ற பறவையின் இறகிலும் தோலிலும் இதே வகை நஞ்சு இருப்பது 1992இல் தெரியவந்தது. தவளைக்கும் அந்தப் பறவைக்கும் எந்த உறவும் இல்லை. பிறகு 2004இல், அதே தீவிலுள்ள ஒரு சிறு வண்டில் அந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அந்த வண்டைப் பறவை தின்கிறது.

பால்தவளை வேறு குடும்பம். அதன் பால் அதன் தோற்சுரப்பிகளிலேயே ஊறுவது. அதனால்தான் கனடாத் தொட்டியில் பிறந்ததும் நண்பரின் மணிக்கட்டை எரித்திருக்கிறது. நஞ்சு என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது. நாகமும் சாரையும் பாம்புதான் என்பதற்காக இரண்டையும் ஒரே மாதிரியா பார்க்கிறோம்?


எழுதியவர்: சோதிடரின் பேரன்

நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். ஊரவர்களின் பயம் முழுவதும் மூடத்தனம் என்று இந்த இழை போய்விடக்கூடாது.

என் பாட்டனார், மெலிந்துபோகும் குழந்தைகளுக்குத் ‘தேரை தோசம்’ என்று சொல்லித் தண்ணீர் ஓதிக் கொடுத்தவர். தவளை பார்த்ததால் பிள்ளை மெலியாது. சத்துக்குறைவாலும் வயிற்றோட்டத்தாலும் பூச்சியாலும் மெலியும். அந்த நம்பிக்கையால் வைத்தியசாலைக்குப் போகத் தாமதித்த பிள்ளைகள் உண்டு; அதை நான் பாதுகாக்க வரவில்லை. தேரை மோந்ததால் தேங்காய் பழுதாகிறது என்ற பழியும் அப்படிப்பட்டதுதான்.

ஆனால் முற்றத்தில் இருக்கும் சொறித்தவளை நஞ்சுடையது என்பதை எங்கள் பெரியவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். கண்ணுக்குப் பின்னால் அவரை விதையளவு தடித்திருக்கும் இரண்டு சுரப்பிகளில் அந்த நஞ்சு இருக்கிறது. அதைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளித் தலையை உதறுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும் விதம் அலரி விதையின் நஞ்சு தாக்கும் விதத்தை ஒத்தது. இரண்டும் இதயத் தசைக் கலங்களிலுள்ள ஒரே சோடியம் பொட்டாசியம் இறைப்பியைத்தான் முடக்குகின்றன. அலரி என்ன செய்யும் என்று வட பகுதி வைத்தியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ‘அமேசன் தவளை இங்கே இல்லை, பயப்படாதீர்கள்’ என்று முடிப்பதைவிட, சொறித்தவளையைப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள், எந்தத் தவளையைத் தொட்டாலும் கண்ணைக் கசக்கும் முன் கையைக் கழுவுங்கள் என்று சொல்வது மேல்.


எழுதியவர்: பாலைப்பழம்

முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். என் பதிவில் விடுபட்டதை நிரப்பியிருக்கிறீர்கள். கிணற்றைப் பற்றிய கேள்வியும் மிஞ்சி நிற்கிறது. சுவரில் ஒட்டும் மரத்தவளை கிணற்றில் விழுந்தால் அத்தனை தண்ணீரும் நஞ்சாகாது. ஆனால் செத்து அழுகினால் கிருமி பெருகும். அது எலி விழுந்தாலும் அணில் விழுந்தாலும் அப்படித்தான். அதை எடுத்தெறிந்து, குளோரின் இட்டு, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரி. கிணற்று வாய்க்கு வலை போட்டால் இந்தக் கவலையே இல்லை.


எழுதியவர்: விளாங்காய்

ஒரு கேள்வியை இங்கேயே கேட்டுவிடுகிறேன். வெளிநாட்டிலுள்ள என் மைத்துனர், அமேசன் மரத்தவளையின் நஞ்சை உடம்பில் ஏற்றினால் தீராத நோயெல்லாம் தீரும் என்று ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். ஒரு அமர்வுக்குப் பெருந்தொகை கேட்கிறார்களாம். இது பால்தவளையா?


எழுதியவர்: கடல்கடந்த கிளிநொச்சி

இல்லை. அது ‘கம்போ’ என்ற பெயரில் விற்கப்படுவது. பைலோமெடூசா பைகலர் என்ற பெரிய பச்சை மரத்தவளையின் சுரப்பு. அதுவும் விதானத்தில் வாழ்வதுதான். தண்ணீருக்கு மேலே தொங்கும் இலைகளை மடித்து முட்டையிடும்; பொரிக்கும் வாற்பேய்கள் கீழே உள்ள நீருக்குள் விழும். மாட்செஸ் போன்ற அமேசன் பழங்குடியினர், கொள்ளியால் தோலில் சிறு புள்ளிகளாகச் சுட்டு, அந்தப் புண்ணில் இச்சுரப்பைப் பூசி, வேட்டைக்குமுன் உடலைத் தயார்படுத்தும் வழக்கம் உடையவர்கள். பூசிய சில நிமிடங்களில் முகம் வீங்கும், நெஞ்சு படபடக்கும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

அந்தச் சுரப்பில் மோர்பினைப் போன்று வலியை அடக்கும் புரதத் துண்டுகள் இருப்பதை இத்தாலிய ஆய்வாளர் விட்டோரியோ எர்ஸ்பாமரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். அந்த வகையில் அது ஆய்வுக்குரிய பொருள். அதற்காகத் தீராத நோயைத் தீர்க்கும் என்று ஆகிவிடாது. அதன் மருத்துவப் பயன்களைக் கூறி விளம்பரம் செய்வதைப் பிரேசில் 2004இல் தடை செய்தது. அவுஸ்திரேலியா 2021இல் அதை முழுத்தடைக்குரிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. அதைப் பூசிக்கொண்டவர்கள் இறந்ததும் உண்டு. அந்தக் காசுக்கு உங்கள் மைத்துனர் விமானச்சீட்டு எடுத்து ஊருக்கு வந்து, பாட்டி வைக்கும் பச்சை மிளகாய்ச் சம்பலைத் தின்றால் வாந்தி இல்லாமலே வியர்க்கலாம்.


எழுதியவர்: நெடுங்கேணியான்

எல்லோருக்கும் நன்றி. இழையை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கம்போப் பகுதிக்குச் சிரித்தார். தேரை தோசப் பகுதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த இரண்டு நாட்களில் நானும் மகளும் கண்டதைச் சொல்ல வேண்டும். நேற்று மதியம் வெயில் எறித்தது. சாளரத்தருகே ஒட்டியிருந்த தவளை ஒன்று பின்னங்காலைத் தூக்கி முதுகின் மேல் இழுத்து, பிறகு முன்கைகளால் தலையையும் கன்னத்தையும் மாறி மாறி வழித்துக்கொண்டிருந்தது. மகள் அதற்கு ‘எண்ணெய் வைக்கிறது’ என்று பெயர் வைத்தாள்.


எழுதியவர்: பாலைப்பழம்

உங்கள் மகள் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே சரி. எங்கள் வீட்டு மரத்தவளையான பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸ், தோலில் சளிபோன்ற நீர்ப்பொருளையும் கொழுப்பையும் சுரந்து, கைகால்களால் உடல் முழுவதும் தடவிக்கொள்கிறது. வெயிலில் உடல்நீர் ஆவியாகிப் போவதைக் குறைப்பதற்கான ஏற்பாடு இது. வியப்பு என்னவென்றால், சற்றுமுன் நண்பர் எழுதிய அமேசன் பச்சைத் தவளையின் கூட்டத்தைச் சேர்ந்த சில தென் அமெரிக்கத் தவளைகளும் தம் உடலில் மெழுகை இதே முறையில்தான் பூசிக்கொள்கின்றன. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்கள். ஒன்று தென் அமெரிக்க மரக்கிளையில் வெயிலைச் சமாளிக்கிறது. மற்றது நெடுங்கேணிக் குளியலறைச் சாளரத்தில்.


எழுதியவர்: நெடுங்கேணியான்

இதை மகளிடம் சொல்லிவிட்டேன். இனி அவளைப் பிடிக்க முடியாது.

இன்று காலை இன்னொன்று. அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரில், தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி, முட்டை வெண்கருவை அடித்து அப்பியது போன்ற ஒரு கைப்பிடி நுரை. மேற்புறம் காய்ந்து மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ‘இதுவும் நஞ்சா?’ என்று கூப்பிட்டுக் கேட்டார். மரத்தவளையின் நுரைக்கூடு என்றும், உள்ளே முட்டைகள் இருக்கின்றன என்றும், சில நாட்களில் வாற்பேய்கள் கீழே விழும் என்றும், இப்போது கீழே இருப்பது வெறும் சீமெந்துத் தரை என்பதால் விழுந்தால் காய்ந்து சாகும் என்றும் மகள்தான் விளக்கினாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, வாசற்படிக்கு வெளியே நின்றபடி, தண்ணீர் நிரப்பிய பழைய பிளாஸ்ரிக் பேசின் ஒன்றை விளக்குமாற்றுப் பிடியால் மெல்ல மெல்ல அந்த நுரைக்கு நேர்கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.